மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் சுமார் 14 கிலோமீட்டர். அங்கிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய அதே தூரம். மாரத்தானுக்குத் தயாராகிறவருக்கு இந்தச் சாலையே பாடத்திட்டம். கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடப் பழகிவிட்டு, திருக்கழுக்குன்றத்து வேதகிரி மலையை நினைக்கலாம். மாமல்லபுரத்துக் கடல் அதற்கும் வெகு பிறகு.

*

சில வாரம் விடாமல் ஓடினாலே மூச்சிரைப்பு அடங்குகிறது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடி, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தமும் கூடுகிறது. இன்னும் போகலாம் என்று நெஞ்சு ஆசை காட்டும். எலும்பின் கணக்கு வேறு. புதுச் சுமை விழுந்ததும் அது பழைய பகுதியை முதலில் கரைத்து, பிறகுதான் புதிதாகக் கட்டத் தொடங்கும். ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு மாதம் ஆகும். கரைந்து கட்டாத அந்த இடைவெளியில் தூரத்தை அள்ளிப் போட்டால் முழங்காலுக்குக் கீழே மயிரிழை விரிசல் விழும். ஓடி முடித்ததும் கணைக்காலின் முன்னெலும்பை விரல்நுனியால் மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். ஒரே புள்ளியில் சுரீரென்றால் அன்றே நிறுத்திவிடுவது நல்லது.

*

இந்தக் கடற்கரை வட்டாரத்தில் கடற்காற்று ஏற வெயிலும் ஏற வேண்டும். விடியலில் காற்று அசையாது. ஈரப்பதமோ உச்சத்தில் இருக்கும். வியர்வை ஆவியாகாமல் முழங்கை வழியே சொட்டும். சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. அதனால் பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். கைக்கடிகாரம் காட்டும் வேகத்துக்காக வருந்த வேண்டாம்.

*

தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்து பலருக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகிறது. செங்கல்பட்டிலிருந்து கிளம்பினால் மாமல்லபுரத்தில் கடல் தெரிவதும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான். மாரத்தானின் 42.195 கிலோமீட்டரில் அதற்கு மேலும் பன்னிரண்டு மிச்சம். அந்தப் பன்னிரண்டுக்காகத்தான் மாதக்கணக்கான மெதுவோட்டமெல்லாம். கொழுப்பை எரித்து மாவுச்சத்தை மிச்சம்பிடிக்க உடம்பு அதில்தான் பழகுகிறது.

*

இந்திய மாரத்தான் வீரர் சிவ்நாத் சிங் வெறுங்காலோடு ஓடியவர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆம் இடம். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். அவரை நினைத்து ஷூவைக் கழற்றிவிடத் தோன்றும். அந்தப் பாதம் ஒரு பருவத்துப் பயிற்சியில் வந்ததல்ல. எத்தனையோ வருடத்து மண் அதில் இருக்கிறது.

*

தூரத்தை மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் இறக்க வேண்டும். நீண்ட ஓட்டம் 14, 16, 18 கிலோமீட்டர் என்று போன ஞாயிறுகளுக்குப் பிறகு வருவது 12தான். அன்று கால் துள்ளும்; இன்னும் ஆறு கிலோமீட்டர் எளிதாகப் போகும். போகாதீர்கள். பின்தங்கி வரும் எலும்புக்குச் சேர வேண்டிய ஞாயிறு அது.