அளக்கப்படாத கைகள்

திறமை இயற்கையின் கொடை. அதைக் கண்டெடுப்பதே தெரிவாளரின் பணி என்பர். நாம் இதனை அப்படியே ஏற்பதற்கில்லை.

பேஸ்போல் எறியவல்ல கைகளைத் தேடி அமெரிக்க வணிகர் சிலர் இந்தியாவில் நடத்திய போட்டி 2008இல் முடிவுற்றது. வேகம் அளக்கும் கருவியின் முன் ஆயிரக்கணக்கான இளைஞர் எறிந்தனர். வென்றவர் ரிங்கு சிங். உத்தரப் பிரதேசத்து லொறிச் சாரதி ஒருவரின் மகன், ஈட்டி எறிபவர், பேஸ்போலையே அறியாதவர். அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆட்டத்தின் நடுவே இறக்கப்படும் மாற்று எறிவீரராகக் கீழ்நிலைக் கழகங்களில் ஆண்டுகள் சில ஆடினார். பின்னர் முழங்கையில் சத்திரசிகிச்சை. உச்சக் கழகத்தில் ஆடும் வாய்ப்பு வரவேயில்லை. கருவி வேகத்தைச் சொல்லும். எலும்பின் பொறுமையைச் சொல்லாது.

எனினும் அவர் அளக்கப்பட்டார். அளவுகோலின் முன்னே வரவே முடியாதோர் நிலை என்ன? அதே 2008 செப்டெம்பரில் படையினர் மல்லாவியைக் கைப்பற்றினர். அதற்கு முன்னரே மக்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறிக் கிழக்கே பெயர்ந்திருந்தனர். விளாங்காய்க்குக் கல்லெறிந்து குறி தவறாத கைகள் அப்பெட்டிகளில் இல்லாமலா இருந்திருக்கும்? அவற்றைத் திறமையற்றவை என்று எந்த நியாயத்தின்படி கூறுவது?

ஆசிரிய நண்பர்களே, கோட்டமட்டப் போட்டிக்கு மாணவரைத் தெரிவு செய்யும் நாமும் தெரிவாளரே. மைதானத்துக்கு வந்தவனின் எறிதூரத்தைக் குறித்துக்கொள்கிறோம். சப்பாத்து இல்லாமையால் வராது நின்றவனை விசாரிக்கிறோமா?