பங்குனி ஆமைக்குக் காவல்

அகநானூற்றின் 160-ஆம் பாட்டில் ஓர் ஆமை வருகிறது. அடும்பங்கொடி சிதையக் கரையேறி, மணல்மேட்டில் முட்டையிட்டுப் புதைத்துவிட்டுப் போகிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை அந்த முட்டைகளைக் காக்கும் என்கிறார் குமுழிஞாழலார் நப்பசலையார். கொடி, மணல்மேடு, முட்டையின் புலால் நாற்றம் என எல்லாவற்றையும் சரியாகக் கண்ட புலவர், காவல் விஷயத்தில் மட்டும் ஆசையை எழுதிவிட்டார். ஆண் கடலாமை முட்டைக்காகக் கரையேறுவதில்லை. தாயும் ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் கடலுக்குள் போய்விடும்.

காவல் இருந்ததெல்லாம் மணல்தான். ஒன்றரை அடி ஆழத்தில், சுமார் நூறு முட்டைகளை, 45 முதல் 60 நாள் வரை அதுவே அடைகாத்தது. பிறப்பது ஆணா பெண்ணா என்பதைக்கூட மணலின் சூடே முடிவு செய்தது. ஏறத்தாழ 29, 30 டிகிரியைத் தாண்டினால் பெண் குஞ்சுகள் அதிகம், அதற்குக் கீழே ஆண் குஞ்சுகள் அதிகம். மேட்டை அடும்பும் இராவணன் மீசைப் புல்லும் வேரால் பிடித்துவைத்தன. இரவில் மணல் குளிர்ந்ததும் குஞ்சுகள் மேலே வரும். முதுகுப்பக்கம் மேட்டின் இருட்டு, எதிரே விண்மீன் வெளிச்சம் படிந்த கடல். வெளிச்சமான பக்கம் போனால் போதும், வழி சொல்ல ஆள் தேவையில்லை. நரியும் நண்டும் காகமும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டன. பொரியாமல் அழுகிய முட்டைகள் கொடிக்கு உரமாயின. அந்தக் கொடி மறுவருஷத்து மேட்டைப் பிடித்துவைத்தது. கடல் கரைக்குச் செலுத்திவந்த வரி என்று இதைச் சொல்லலாம். கணக்குப்பிள்ளை யாரும் இல்லாமல் ஒழுங்காக வசூலானது.

சென்னையில் பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரையிலான கரையில் இன்று அந்த மேடு பெரும்பாலும் இல்லை. இருட்டும் இல்லை. முட்டையைத் தோண்ட நரிக்குப் பதில் தெருநாய்கள் இருக்கின்றன. குஞ்சுகள் இப்போதும் வெளிச்சத்தை நோக்கித்தான் போகின்றன. வெளிச்சம் சாலையில் இருப்பது அவற்றின் பிழையல்ல. 1970-களில் கடலாமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கரும் அவருடைய நண்பர்களும் இந்தக் கரையில் ஆமைகளைத் தேடி இரவெல்லாம் நடந்தார்கள். 1988 முதல் மாணவர்கள் நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்துவந்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் மறுபடி புதைக்கிறார்கள். வெயில் ஏறினால் மேலே நிழல்வலை கட்டுகிறார்கள். நப்பசலையார் கற்பனை செய்த தகப்பன் கடைசியில் வந்துவிட்டான், கையில் கூடையோடு.

அவர்கள் உழைப்பின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் பொரிப்பகம் என்பது, இந்தக் கரை இனித் தானாக ஒரு கூட்டைக் காக்காது என்று ஊர் எழுதிக்கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். அதை நாம் விழாவாகக் கொண்டாடுகிறோம். மாலையில் கூடையிலிருந்து குஞ்சுகளை விடுகிறபோது குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டுகிறோம், படம் எடுக்கிறோம், கைதட்டுகிறோம். மறுநாள் செய்தித்தாளில் எண்ணிக்கை வருகிறது.

அந்த எண்ணிக்கையையே கொஞ்சம் பார்க்கலாம். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று பெரிய ஆமையாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 2024-இல் தமிழ்நாட்டுப் பொரிப்பகங்களிலிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலுக்குப் போயின. அந்தக் கணக்கின்படி, வளர்ந்த ஆமையாக மிஞ்சுவது இருநூறு சொச்சம். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அவை கரைக்கு வந்தவை மட்டுமே; கடலிலேயே கரைந்துபோனவற்றை யாரும் எண்ணவில்லை. ஒரு மாதத்துச் சாவை ஈடுகட்ட, 2024-ஐப் போல ஐந்து ஆண்டுகள் கைதட்ட வேண்டும்.

கடலாமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய பிராணி. இழுவை மடி வலைக்குள் சிக்கினால் கடலிலேயே மூழ்கிச் சாகும். முட்டையிடும் மாதங்களில் ஆமைகள் கரையோரக் கடலில் காத்துக்கிடக்கின்றன. இறாலும் அங்கேதான், எனவே விசைப்படகும் அங்கேதான். 5 கடல் மைலுக்குள் இழுவை மடி கூடாது என்று விதி இருக்கிறது. மடிக்குள் வந்த ஆமை வெளியேற வழிவிடும் கம்பித்தடுப்பும் இருக்கிறது; அந்த வழியில் கொஞ்சம் மீனும் போய்விடுகிறது என்பது படகுக்காரர்களின் குறை. டீசல் விலை தெரிந்தவர்கள் அந்தக் குறையைச் சிரித்துத் தள்ள முடியாது. இறாலை விலை பேசி வாங்கும் நாம் அந்த இழப்பில் ஒரு பைசாவையாவது ஏற்றுக்கொண்டோமா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

ஆண்டுக்கு 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்வளத்துக்காக வகுத்த தடைக்காலம் அது. ஆமையை நினைத்து வகுத்ததல்ல. ஆமை முட்டையிடுவது ஜனவரி முதல், பெரும்பாலும் பங்குனி வரை. கரையோர மக்கள் அதற்கு வைத்த பெயரிலேயே மாதம் இருக்கிறது. பங்குனி வழக்கமாக ஏப்ரல் 13-ஆம் தேதியோடு முடிகிறது. கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்குகிறது.