முயல் வேண்டாம் என்றால்

வீட்டு முயலின் கிண்ணத்தில் காலையில் போட்ட பெல்லட் மாலையிலும் அப்படியே கிடக்கிறது. முயல் வந்து முகர்ந்து பார்த்தது. மூக்கு நாலைந்து முறை துடித்தது. பிறகு கிண்ணத்தின் விளிம்பைப் பல்லால் கவ்வி ஓரமாகத் தள்ளிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. என்ன செய்யலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம். தீவனம் விற்ற கடைக்காரரிடமும் கேட்கலாம். அவர்கள் சொல்லும் பதிலுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. தன்னை அடைத்து வைத்தவர் போடும் தீனியை வாயில்லா உயிர் ஒன்று மறுத்தால், அந்த மறுப்பை என்னவென்று எடுத்துக்கொள்வது? விருப்பம் என்று மதிப்பதா, நோய் என்று பார்ப்பதா, அடம் என்று விட்டுவிடுவதா?

முதலில் மறுக்கப்படுவது எது என்று பார்க்க வேண்டும். வேளாண் துறையினர் குச்சித் தீவனம் என்று சொல்லும் பெல்லட், உலர்ந்த குதிரைமசால், தவிடு, தானியம், பிண்ணாக்கு, தாது உப்பு எல்லாவற்றையும் அரைத்து, அழுத்தி, சிறு குச்சிகளாக வெட்டியது. இறைச்சிப் பண்ணை முயல் சீக்கிரம் எடை போட வேண்டும், ஆய்வுக்கூட முயல்கள் எல்லாம் ஒரே தீனியைத் தின்ன வேண்டும் என்ற தேவைகளுக்கு ஏற்ப வளர்ந்த தீவனம் இது. வீட்டு முயலுக்கு அங்கிருந்துதான் வந்து சேர்ந்தது. பலவகைத் தானியமும் உலர்ந்த காயும் கலந்த கலவைத் தீவனத்தைப் போட்டால் முயல் இனிப்பாக இருப்பதைப் பொறுக்கித் தின்றுவிட்டு நார் மிகுந்ததை ஒதுக்கிவிடும். அதனால் சுண்ணாம்புச் சத்து குறையும், பல் கெடும், உடல் பெருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துவிட்டால் பொறுக்க எதுவும் இல்லை. ஒரு குச்சி மற்றக் குச்சியைப் போலவேதான் இருக்கும். முயலின் நன்மைக்காகவே முயலிடமிருந்து தேர்வை எடுத்துவிட்ட தீவனம் என்று இதைச் சொல்லலாம். அதன் பிறகு முயலிடம் ஒரே ஒரு தேர்வுதான் மிச்சம்: கிண்ணத்தையே விட்டுவிடுவது.

அந்த ஒரு தேர்வும் அதற்கு ஆபத்தானது. முயலின் உடல் புல்லுக்காகவே அமைந்தது. அதன் 28 பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நார் நிறைந்த புல்லை நாள் முழுவதும் அரைத்தால்தான் தேய்ந்து அளவாக நிற்கும். குடலில் உள்ள பெரிய பை ஒன்றில் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைக்கின்றன. அங்கே உண்டாகும் சத்து மென்மையான சிறு உருண்டைகளாக வெளியே வரும்போது, முயல் குனிந்து அவற்றை நேராக வாயில் வாங்கி மறுபடியும் விழுங்குகிறது. அருவருப்பாகத் தோன்றலாம், மாடு அசைபோடுவதற்கு முயல் கண்ட மாற்று வழி அது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அரை நாள் எதுவும் தின்னாமல் கிடந்தால் குடல் மந்தமாகி, வாயு சேர்ந்து, வலிக்கத் தொடங்கும், வலித்தால் தின்னாது, தின்னாவிட்டால் வலி கூடும். ஒரு நாள் முழுதும் இப்படிப் போனால் உயிருக்கே மோசம். உண்ணாநோன்பு இருக்கத் தகுந்த உடல் அல்ல அது.

ஆகவே எதை மறுக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பெல்லட்டை மட்டும் விட்டுவிட்டுப் புல்லையும் கீரையையும் ஆவலாகத் தின்னும் முயலுக்குப் பெரும்பாலும் எந்தக் குறையும் இல்லை. வயிறு நிறைந்திருக்கலாம். பை மாறியிருக்கலாம், புது வாடையை முயல் சட்டென்று ஏற்காது. மழைக்காலத்தில் ஈரம் ஏறி, மனித மூக்குக்குத் தெரியாத பூஞ்சை வாடை அதன் மூக்குக்கு எட்டியிருக்கலாம். சித்திரை வெயிலில் தீனி குறைவதும் இயல்பு. எதையுமே தின்னாத முயலின் கதை வேறு. அதிலும் ஒரு வகை உண்டு: கிண்ணத்துக்கு ஆசையாக ஓடி வரும், ஒரு குச்சியைக் கவ்வும், இரண்டு முறை மெல்லும், தலையைச் சற்றே சாய்த்துக் கீழே போட்டுவிடும், மறுபடி ஒன்றை எடுக்கும். கடைவாய்ப்பல் முள்ளாக வளர்ந்து நாக்கையோ கன்னத்தையோ குத்துகிறது என்பதற்கு இது அடையாளம். பார்ப்பவருக்கு மறுப்பாகத் தெரிவது உண்மையில் இயலாமை. இரையாகப் பிறந்த விலங்கு வலியை வெளியே காட்டாது. காட்டினால் வேட்டை விலங்கு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

கொடுப்பவரின் பக்கம் திரும்பினால், இந்தச் சிக்கலைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டவர் சீன ஞானி சுவாங்சு. அவர் பெயரில் வழங்கும் நூலில் ஒரு கதை உண்டு. லூ நாட்டுத் தலைநகருக்கு வெளியே ஒரு கடற்பறவை வந்து இறங்குகிறது. நாட்டை ஆளும் கோமகன் அதை விருந்தாளியாக வரவேற்று, முன்னோர் கோயிலுக்கு அழைத்துச் சென்று, மது வைத்து, அரச இசை முழங்க, மாடும் ஆடும் பன்றியும் அறுத்துப் படைக்கிறான். பறவை கலங்கிப்போய் ஒரு துண்டு இறைச்சியைத் தொடவில்லை, ஒரு வாய் மது குடிக்கவில்லை, மூன்றாம் நாள் செத்துப்போகிறது. கோமகன் தன்னைப் பேணுவது போலப் பறவையைப் பேணினான், பறவையைப் பேணுவது போலப் பேணவில்லை என்பது நூலின் தீர்ப்பு. அவனிடம் அன்புக்கும் குறைவில்லை, செலவுக்கும் குறைவில்லை. முதல் நாளே பறவை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள அவனுக்குத் தெரியவில்லை.

தமிழ் மரபில் இதன் மறுபக்கம் இருக்கிறது. மயில் குளிரில் நடுங்குகிறதென்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தான் வள்ளல் பேகன். மயில் உடுத்தாது, போர்த்தாது என்பது அவனுக்கும் தெரியும் என்று சொல்லியே புறநானூறு அவனைப் புகழ்கிறது. இதற்குக் கொடைமடம் என்று பெயர், வள்ளலுக்கு அழகு. மயிலுக்கு அதனால் நட்டம் ஒன்றும் இல்லை; போர்வையை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போயிருக்கும். கூண்டில் இருக்கும் உயிரிடம் காட்டினால் அதே மடம் கொலையாகும். அமாவாசையன்று கோயில் வாசலில் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பவர்கள் வரிசையாக வருவார்கள். பத்தாவது கட்டு வரும்போது பசு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கொடுத்தவரின் புண்ணியக் கணக்கில் அந்த முகத்திருப்பம் ஏறுவதில்லை.

பெறுபவருக்கு எது உணவு என்பதை முயலே அந்தக் கோமகனைவிட நன்றாக அறிந்திருந்தது என்று சொல்லும் கதை பௌத்தத்தில் இருக்கிறது. சச ஜாதகத்தில் போதிசத்துவர் முயலாகப் பிறந்து, குரங்கு, நரி, நீர்நாய் என்ற மூன்று தோழர்களோடு வாழ்கிறார். நோன்பு நாளில் விருந்தாளி வந்தால் என்ன கொடுப்பது என்ற எண்ணம் எழுகிறது. மற்ற மூவரும் மீன், இறைச்சி, பழம் என்று தங்களுக்குக் கிடைத்ததை எடுத்து வைக்கிறார்கள். முயல் மட்டும் தான் தின்னும் புல்லை மனிதனுக்குக் கொடுக்க முடியாது என்று யோசிக்கிறது. எள்ளோ அரிசியோ அதனிடம் இல்லை. அதனால் தன் உடலையே தர முடிவு செய்து நெருப்பில் குதிக்கிறது, நெருப்பு சுடவில்லை, விருந்தாளியாக வந்த தேவர்கோன் சக்கன் அதன் உருவத்தை நிலவில் வரைகிறான். நிலவின் களங்கத்தைத் தமிழில் முயற்கறை என்கிறோம். பிள்ளைக்கு நிலாக் காட்டிச் சோறூட்டும் தாய் காட்டுவது அந்த முயலையும் சேர்த்துத்தான். கதையில் எல்லோர் கண்ணிலும் படுவது தியாகம். அதற்கு முன்னால் வரும் ஒரு நொடி யோசனையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. என் உணவு உன் உணவு அல்ல என்பது அந்த யோசனை.

அறநூல்கள் கடமையை எங்கிருந்து தொடங்குகின்றன என்பதும் இங்கே பொருந்தும். தன் விலங்குக்குத் தீனி போடாமல் தான் உண்ணக் கூடாது என்கிறது யூதர்களின் தால்முத். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தார் ஏற்கும் கொல்லாமை விரதத்தில் நேரும் ஐந்து குற்றங்களைக் கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகையான சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்று எண்ணுகிறது. கட்டுதலில் தொடங்கி உணவைத் தடுத்தலில் முடியும் அந்த வரிசை கவனிக்கத் தக்கது. இன்னும் கூர்மையாகச் சொல்வது நபிமொழி. பூனையை அடைத்து வைத்துச் சாகவிட்ட பெண்ணுக்குத் தண்டனை கிடைத்ததைச் சொல்லும்போது, அவள் உணவும் கொடுக்கவில்லை, மண்ணில் திரியும் சிற்றுயிர்களைத் தின்ன அதை விடவும் இல்லை என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. தெருப்பூனைக்குத் தீனி போடாதது குற்றமாகாது. அது தானே தேடிக்கொள்ளும். கதவைச் சாத்திய கணத்தில்தான் கடன் பிறக்கிறது. தோட்டத்தில் திரியும் முயல் பெல்லட்டை மறுத்தால் அருகம்புல்லைத் தேடிப் போகும். கூண்டு முயல் கிண்ணத்தை மறுத்தால் போக இடம் இல்லை. ஆகவே கிண்ணத்தை நிரப்பி வைத்ததோடு கடன் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. வெளியே இருந்தால் எதைத் தேடிப் போயிருக்குமோ அதைக் கொண்டுவந்து தருவதும் அதே கடனில் அடங்கும்.  

அப்படியானால் முயல் சொல்வதெல்லாம் சட்டமா? அங்கேதான் கேள்வி கடினமாகிறது. வாழைப்பழத் துண்டு வரும் என்று காத்திருந்து புல்லையும் பெல்லட்டையும் ஒதுக்கும் முயல்கள் உண்டு. பழத்தை நிறுத்தினால் பெரும்பாலும் புல்லுக்குத் திரும்பிவிடும். முயலின் விருப்பமும் முயலின் நன்மையும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. கூண்டிலோ காட்டின் தடைகள் இல்லை, இனிப்பு கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது. விருப்பத்தை எடைபோடும் மனம் விலங்குக்கு உண்டா என்பது பழைய கேள்வி. தொல்காப்பிய மரபியல் விலங்குகளை ஐயறிவு உயிர்களில் வைத்து, மனம் என்ற ஆறாம் அறிவை மக்களுக்கு உரியதாக்குகிறது. சில விலங்குகளுக்கும் அது உண்டு என்ற குறிப்பும் அங்கேயே இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த சூ டொனால்ட்சன், வில் கிம்லிக்கா இருவரும் 2011இல் வெளியிட்ட ‘சூபோலிஸ்’ நூலில் இதை வேறு வழியாக அணுகுகிறார்கள். வீட்டு விலங்குக்குத் தனக்கென்று விருப்பமும் அதை வெளிப்படுத்தும் திறனும் உண்டு. ஆனால் அந்தத் திறன், அதை நன்கு அறிந்து, அதன் குறிப்பைப் படிக்கும் மனிதர் அருகில் இருந்தால்தான் நிறைவேறும் என்பது அவர்கள் வாதம். முயலின் ‘வேண்டாம்’ பாதி வாக்கியம். வளர்ப்பவர் சரியாகப் படித்தால்தான் அது முழுமையாகும். தவறாகப் படிக்கும் வாய்ப்பும் அதிலேயே இருக்கிறது. இந்த வாதத்தின் பலவீனம் அதுதான், பலமும் அதுதான்.

மனிதனின் உண்ணாமையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்டான்; சமணத் துறவியர் உண்ணாது உயிர்விடும் சல்லேகனை நோற்றார்கள்; அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் இருக்கிறார்கள். தெளிந்த மனத்தோடு உணவை மறுக்கும் கைதிக்கு வலிந்து ஊட்டுவதை உலக மருத்துவச் சங்கத்தின் மால்ட்டா பிரகடனம் அறத்துக்குப் புறம்பானது என்கிறது. இவர்கள் எல்லோருக்கும் சோறு வேண்டும். அதைவிட வேண்டியது வேறொன்று இருக்கிறது. மானம், வீடுபேறு, நீதி என்று அதற்குப் பெயர் உண்டு. முயலின் மறுப்புக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. இந்தக் குச்சி வேண்டாம், அல்லது வலிக்கிறது; அவ்வளவுதான். அதனால் குடல் நின்றுபோன முயலுக்கு ஊசியில்லாப் பீச்சுக்குழலால் கரைத்த புல்மாவை ஊட்டுவது அதன் விருப்பத்தை மீறுவதாகாது. வலியை மட்டும் தாண்டிப் போகிறது அந்தக் கை. ‘இந்தக் குச்சி வேண்டாம்’ என்பதற்கு அதே குழலை எடுத்தால், அது கோமகனின் விருந்தாகிவிடும்.

ஊட்டும் முறையிலும் இந்த வேறுபாடு தெரியும். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே முயலுக்கு ஓர் இடைவெளி உண்டு. குழலின் நுனியைப் பக்கவாட்டில் அங்கே நுழைத்து, ஒரு சொட்டு விட்டு, மெல்லும்வரை காத்திருந்து, அடுத்த சொட்டு விட வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் நுரையீரலுக்குள் போய்விடும். அதற்கும் முன்னால் குடல் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். அடைப்பு இருக்கும்போது ஊட்டுவது தீங்கு. முயல் தலையை இழுத்துக்கொண்டால் நிறுத்தித் துண்டில் சுற்றி மடியில் வைத்துச் சற்றுநேரம் இருந்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். வலி அடங்கியதும் முயல் முதலில் தொடுவது பெல்லட்டாக இருப்பது அரிது. பெரும்பாலும் கொத்தமல்லித் தழையின் காம்பு, பிறகு புல். நல்ல உலர்புல்லும் பலவகைக் கீரையும் தடையில்லாமல் கிடைக்கும் வளர்ந்த முயலுக்குப் பெல்லட் சிறிதளவு போதும், சிலவற்றுக்கு அதுவும் வேண்டியதில்லை. மருத்துவரும் அதையே சொன்னால் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடலாம்.