கண் கண்டதும் கருவி கண்டதும்

வாய்மையைப் பற்றிப் பேசும்பொழுது நாம் பெரும்பாலும் நாவினையே கருதுகிறோம். ஆயின் இந்நாளில் மனிதன் சொல்லால் உணர்த்துவதினும் படத்தால் உணர்த்துவது மிகுதியாகிவிட்டது. சொல்லுக்குரிய அறம் படத்திற்கும் உண்டோ? உண்டெனின் ஒரு படம் எவ்விடத்தில் மெய்யினின்று வழுவிப் பொய்யாகிறது? இவ்வினாவை ஆராய்வதற்கு இரவு வானைப் படம் பிடிக்கும் கலை ஏற்றதோர் உரைகல்லாகும். ஏனெனில் அக்கலையில் கண் காண்பது ஒன்று, கருவி காண்பது மற்றொன்று. இவ்வேறுபாடு மிகத் தெளிவாக விளங்குமிடம் வடதுருவ ஒளியாகும்.

நார்வே நாட்டின் வடபகுதியிலுள்ள ட்ரோம்சோ, ஆல்டா போன்ற ஊர்களிலும், ஐஸ்லாந்து, பின்லாந்தின் வடபகுதி, கனடா, அலாஸ்கா ஆகிய இடங்களிலும் நீண்ட குளிர்கால இரவுகளில் வானில் ஒளித்திரைகள் எழுந்து அசைவதுண்டு. சூரியனிலிருந்து இடையறாது வெளிப்படும் மின்னேற்றத் துகள்களின் வீச்சு பூமியின் காந்த மண்டலத்தைத் தாக்குகிறது. அதனால் முடுக்கப்பெற்ற துகள்கள் துருவங்களைச் சூழ்ந்த பகுதிகளில் மேல்வளியில் பாய்ந்து, அங்குள்ள அணுக்களை ஒளிரச் செய்கின்றன. ஏறத்தாழ 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பச்சை ஒளி தருகிறது. 200 கிலோமீட்டருக்கு மேல் அதே ஆக்சிஜன் செந்நிறம் காட்டுகிறது. திரையின் கீழ் விளிம்பில் சில வேளைகளில் தோன்றும் ஊதாவும் இளஞ்சிவப்பும் நைட்ரஜனால் விளைவன.

இவ்வொளியை நம் கண் எவ்வாறு காண்கிறது? விழித்திரையில் இருவகைச் செல்கள் உள்ளன. கூம்பு வடிவச் செல்கள் நிறத்தை அறிவன. அவை இயங்க ஒளி போதிய அளவு வேண்டும். கோல் வடிவச் செல்கள் மங்கிய ஒளியிலும் இயங்குவன. ஆயின் அவை நிறத்தை அறியா. ஆகவே துருவ ஒளி மெலிந்திருக்கும்பொழுது கண்ணுக்கு அது வெண்சாம்பல் நிறமான மெல்லிய மேகம்போலவே தோன்றும். வலுத்து எழும்பொழுதுதான் பச்சை புலப்படும். இருளில் சிவப்பை உணர்வதோ கண்ணுக்கு மிக அரிது. காமிராவின் நிலை வேறு. முக்காலித் தாங்கியின்மேல் அதனை அசையாது நிறுத்தி, ஐந்து முதல் பதினைந்து விநாடிகள்வரை அதன் கதவைத் திறந்து வைப்பர். அத்தனை விநாடிகளின் ஒளியையும் அது சேர்த்து வைத்துக்கொள்கிறது. கண்ணுக்கு அவ்வாறு சேமிக்கும் ஆற்றல் இல்லை. அதனால் கண் சாம்பலாகக் கண்ட திரை, படத்தில் மரகதப் பச்சையாகவும் செம்பவளமாகவும் ஒளிர்கிறது.

இப்படத்தைக் கண்டு, “இது பொய், நாம் கண்டது இதுவன்று” என்பார் ஒரு சாரார். “கருவி பொய் சொல்லாது, உம் கண்தான் குறையுடையது” என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் ஒருதலைப்பட்சமானவை என்பதை இக்கலையின் வரலாறே நமக்கு உணர்த்துகிறது.

1882-83 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஸோபுஸ் ட்ரோம்ஹோல்ட் என்னும் டென்மார்க் நாட்டு ஆய்வாளர் வட நார்வேயின் கவுட்டோகைனோவில் தங்கித் துருவ ஒளியை ஆராய்ந்தார். அங்கு வாழும் ஸாமி இன மக்களின் முகங்களை அவருடைய காமிரா அழகுறப் பதிவு செய்தது. ஆயின் கண்ணெதிரே வானில் எழுந்தாடிய ஒளியை அக்காலத்துத் தகடுகளில் பதிக்க அவரால் இயலவில்லை. அன்று கண் கண்டதைக் கருவி காணவில்லை. இன்று கருவி காண்பதைக் கண் காண்பதில்லை. கருவி காட்டுவதே மெய் எனின், 1882 ஆம் ஆண்டில் துருவ ஒளியே இல்லை என்றன்றோ முடிவு கட்ட நேரும்? கண் காண்பதே மெய் எனின், 200 கிலோமீட்டருக்கு மேல் ஒளிரும் செந்நிறத்தைப் பல இரவுகளில் இல்லை என்று சொல்ல நேரும். இரண்டும் தவறு.

மார்ட்டின் பிரெண்டல் என்னும் ஜெர்மானியர் 1892 இல் வட நார்வேயில் துருவ ஒளியை முதன்முதலாகப் படமெடுத்தார். அப்படத்தில் நிறமில்லை. ஆதலின் 1899 இல் டென்மார்க்கின் வானிலை நிறுவனம் ஐஸ்லாந்துக்கு ஆய்வுக்குழுவை அனுப்பியபொழுது, ஹரால்ட் மோல்ட்கே என்னும் ஓவியரையும் உடன் அனுப்பியது. நிறத்தின் சாட்சியாகக் காமிராவை நம்பாது, மனிதக் கண்ணையும் தூரிகையையும் நம்பிய காலம் அது. பின்னர், நார்வே நாட்டுக் கணித அறிஞர் கார்ல் ஸ்டோர்மர் 1910 முதல் ஒரு புதுவழி கண்டார். தொலைவில் அமைந்த இரு நிலையங்களைத் தொலைபேசியால் இணைத்து, ஒரே கணத்தில் ஒரே ஒளித்திரையை இரண்டிடத்திலிருந்தும் படமெடுக்கச் செய்தார். பின்னணி விண்மீன்களுக்கு எதிரே அத்திரை ஒரு படத்தில் ஓரிடத்திலும், மற்றொரு படத்தில் சற்று விலகியும் நின்றது. அவ்விலகலைக் கொண்டு ஒளியின் உயரத்தைக் கணித்தார்.

இதில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு படத்தை மட்டும் எத்தனை நாள் உற்று நோக்கினும் அதிலிருந்து உயரம் புலப்படாது. இரண்டு படங்கள் ஒன்றற்கொன்று மாறுபடுகின்றன. ஆயினும் இரண்டும் மெய்யே. அம்மாறுபாடே மூன்றாவதோர் உண்மையை ஈந்தது. எங்கிருந்து எடுத்தோம், எக்கணத்தில் எடுத்தோம் என்னும் குறிப்புகள் இல்லையேல் அவ்விரு படங்களும் வெறும் காட்சிப் பொருள்களாகவே நின்றிருக்கும். “ஒரு வகையால் இஃது உண்மை” என்று நோக்குநிலையைச் சேர்த்துரைக்க வேண்டும் என நம் முன்னோர் அநேகாந்தத்தில் வற்புறுத்தியதன் பயனை இங்கே கண்கூடாகக் காண்கிறோம். நிலையைச் சுட்டாத கூற்று, சொல்லாயினும் படமாயினும், அரைகுறையானதே.

இனி, பொய் தொடங்கும் இடத்தை வரையறுப்போம். பத்து விநாடி ஒளியைச் சேர்த்துக் காட்டுவது பொய்யன்று. நுண்ணோக்காடி சிறியதைப் பெரிதாக்கிக் காட்டுவது போன்றது அது. இருண்ட மலைக்கு நெடுநேரமும் அசையும் வானுக்குக் குறுநேரமும் கொடுத்து, ஓரிடத்தில் ஓரிரவில் எடுத்த இரு படங்களை ஒன்றாக்கி, அதனை வெளிப்படச் சொல்வதும் பொய்யன்று. ஆயின் கருவியும் பதிவு செய்யாத நிறத்தைப் பின்னர் ஏற்றுவதும், ஓரூர் மலைமேல் வேறோர் ஊரின் வானை ஒட்டுவதும், கணிப்பொறி புனைந்த வானை இயற்கை வானென்று காட்டுவதும், இவற்றைச் சொல்லாது மறைப்பதும் பொய்யே. கருவி கண்ணினும் மிகுதியாகக் காண்பது குற்றமன்று. எப்படிக் கண்டது என்பதை மறைப்பதே குற்றம்.

“அழகிய படத்தால் யாருக்கு என்ன தீங்கு?” என்று சிலர் வினவலாம். பிறர்க்குத் தீமை பயவாத சொல்லே வாய்மை என்பது திருக்குறள் வகுத்த இலக்கணம். அவ்விலக்கணத்தின்படியே நோக்குவோம். பல்லாண்டுகள் பொருள் சேர்த்து ஒரு குடும்பம் வடகோடிக்குச் செல்கிறது. உறைபனியில் நள்ளிரவுவரை காத்து நிற்கிறது. இறுதியில் வானில் ஒரு வெண்திரை மெல்ல எழுந்து நெளிகிறது. படங்களில் பழகிய கண்கள் அதனை நோக்கி, “இவ்வளவுதானா?” என்று சலிக்கின்றன. சூரியனிலிருந்து புறப்பட்டுப் பதினைந்து கோடிக் கிலோமீட்டர் கடந்துவந்த துகள்களின் விளைவு தலைக்கு மேல் நடந்துகொண்டிருக்க, அவர்கள் கையிலுள்ள சிறு திரையை நோக்கித் தலை குனிகிறார்கள். பொய்ப்படம் அவர்களிடமிருந்து மெய்யான வானையே பறித்துக்கொண்டது. பொருளைத் திருடுவோனை உலகம் அறியும். பிறருடைய வியப்பைத் திருடுவோனை யார் அறிவார்?

வேறொரு தீங்கும் உண்டு. கண் இருளுக்கு நன்கு பழக இருபது, முப்பது நிமிடங்கள் வேண்டும். தம் படத்தின் பொருட்டு ஒருவர் வெண்விளக்கை ஏற்றினால், அருகில் நிற்போர் பொறுமையாகப் பெற்ற பார்வை நொடியில் அழிகிறது. மங்கிய செவ்விளக்கைத் தரைநோக்கிப் பிடிப்பது இப்பணியில் உள்ளோர் போற்றும் நல்லொழுக்கம். படத்தின் வாய்மை எடுக்கும் நேரத்து நடத்தையிலேயே தொடங்குகிறது என்பதற்கு இது சான்று.

இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. 2024 மே மாதம் 10, 11 தேதிகளில் கடுமையான காந்தப்புயல் வீசியபொழுது, லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹான்லே வானாய்வுக்கூடத்தின் காமிராக்கள் வடவானில் செந்நிற ஒளியைப் பதிவு செய்தன. பூமியின் வளைவு கீழுள்ள பச்சையை மறைக்க, மிக உயரத்தே ஒளிர்ந்த செம்மை மட்டும் அங்குப் புலனாயிற்று. “லடாக் வானம் செந்தீயாய் எரிந்தது” என்பது ஒருவகை உரை. “ஹான்லேயின் காமிராக்கள் பதிவு செய்த செவ்வொளி” என்பது மற்றொரு வகை உரை. பின்னதில் ஆரவாரம் குறைவு. ஆயின் கேட்போன் ஏமாறுவதில்லை.

ஆகவே இரவு வானைப் படமெடுக்கும் நம் இளைஞர்க்கு நாம் கூறத்தக்கது இதுவே. படத்தின்கீழ் ஒரு வரி எழுதுக: இடம், நாள், கதவு திறந்திருந்த விநாடிகள், ஒரு படமோ பல படங்களின் சேர்க்கையோ என்னும் விவரம். கண்ணுக்கு எவ்வாறு தோன்றியது என்பதையும் கூடுமாயின் சேர்த்து எழுதுக. படத்தைக் காணும் நாமும், வியப்பதற்கு முன் அவ்வரியைத் தேடிப் படிக்கும் வழக்கத்தை மேற்கொள்வோம். அவ்வொரு வரியால் படத்தின் அழகு சிறிதும் குறையாது. அதனை நம்பி நெடுவழி செல்வோனுக்கோ அது பெருந்துணையாகும்.