கருத்தும் சாட்சியமும்

உள்ளத்தில் ஓர் எண்ணம் தோன்றுவதற்கும், அதனை நான்கு பேர் முன்னிலையில் எடுத்துச் சொல்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை நம்மில் எவரும் அளந்து பார்ப்பதில்லை. தோன்றியது உடனே நாவுக்கு வந்துவிடுகிறது. நாவுக்கு வந்ததைப் பிறர் கேட்டுத் தலையசைத்துவிட்டால், 'கருத்து' என்னும் மதிப்பும் அதற்குக் கிடைத்துவிடுகிறது. கருத்துரைக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அதை மறுக்க நாம் வரவில்லை. ஆனால் உரிமைக்கு அப்பால் வேறொரு கேள்வி நிற்கிறது. தாம் கண்ணால் காணாத, தம் வாழ்வோடு நேரடித் தொடர்பில்லாத ஒன்றைக் குறித்து ஒருவர் சொல்லும் சொல்லுக்கு அவர் பொறுப்பாளி ஆவாரா?

ஜெயமங்கலம் வராக நதிக் கரையில், பெரியகுளத்துக்கும் வைகை அணைக்கும் இடையே அமைந்த ஊர். அஸர் தொழுகைக்குப் பின் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரையில், இங்குள்ள தேநீர்க் கடைகளில் உலகம் முழுவதும் விசாரணைக்கு வருகிறது. அமெரிக்க அதிபர் என்ன செய்திருக்க வேண்டும், இந்திய அணியில் யாரை நீக்கியிருக்க வேண்டும், வைகையில் தண்ணீர் எவ்வளவு ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. முன்பு செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்டனர். இப்போது ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது, கேட்பவர்தாம் குறைந்துவிட்டனர்.

இந்த மூன்று பேச்சிலும் ஒரே மனிதர் மூன்று விதமாகப் பேசுவதைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. 66 அடியை எட்டினால் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. நேற்றைய மட்டத்தை அரை அடி கூட்டிச் சொன்னாலும் பக்கத்து விசுப்பலகையில் இருப்பவர் விடமாட்டார். "இல்லை மாமா, பேப்பரைப் பாருங்க" என்று திருத்திவிடுவார். ஆகவே அணையைப் பற்றிப் பேசுகிறவர் முன்பின் பார்த்துப் பேசுகிறார். அவரே வாஷிங்டனுக்குப் போய்விட்டால் தடையேது? அங்கே திருத்துவதற்கு ஆளில்லை. தவறினால் நாற்று கருகப் போவதுமில்லை. "சும்மா பேசுகிறோம், இதனால் யாருக்கு என்ன நட்டம்?" என்பதே அவருடைய சமாதானம்.

அந்தச் சமாதானம் சரிதானா என்பதைத்தான் நாம் சற்று ஆராய விரும்புகிறோம்.

அரபு மொழியில் கருத்துக்கு 'ரஃயு' என்று பெயர். 'ரஆ', அதாவது 'கண்டான்' என்னும் வினையே அதன் வேர். அம்மொழியைப் பொறுத்தவரை கருத்து என்பது ஒருவகைப் பார்வை. சாட்சியத்தைக் குறிக்கும் 'ஷஹாதத்' என்ற சொல்லிலும் ஓர் இடத்தில் முன்னின்று காணுதல் என்னும் பொருள் பொதிந்திருக்கிறது. அப்படியானால் காணாதவனுக்குக் கருத்தே கிடையாதா என்று கேட்கலாம். மதரசாக்களில் உஸூல் பாடம் படித்தவர்களுக்கு இதற்கான விடை தெரியும். ஐயத்துக்கு இடமற்ற உறுதிக்கு 'யகீன்' என்று பெயர். ஒரு பக்கம் சற்றே கனத்திருந்தால் அது 'ளன்னு'. இரு பக்கமும் சமமாக நின்றால் 'ஷக்கு'. இலேசான பக்கத்தைப் பற்றிக்கொண்டால் அது வெறும் 'வஹ்மு'. நாம் தேநீரோடு பருகும் கருத்துக்களில் பெரும்பாலானவை எந்தப் படியைச் சேர்ந்தவை என்பதை அவரவரே எடை போட்டுக் கொள்ளட்டும்.

காணாததையும் உறுதியாக அறிய ஒரு வழி உண்டு. மக்காவை ஒருமுறையும் பார்த்திராத நம் பாட்டிமார், அப்படி ஒரு நகரம் உண்டென்பதில் ஐயம் கொண்டதில்லை. தலைமுறைதோறும், பொய்யில் கூடிப் பேச வாய்ப்பில்லாத அளவுக்குப் பலர் கண்டு வந்து சொன்ன செய்தி அது. இதனை 'முதவாத்திர்' என்பர். அந்த அளவை எட்டாத செய்தி 'ஆஹாத்'. அதைச் சொன்னவர் யார், அவரிடம் சொன்னவர் யார் என்று விசாரித்தே ஏற்பர். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பத்துப் பேர் சொன்னாலும், அப்பத்துப் பேரும் ஒரே ஒருவரிடம் கேட்டவர்கள் என்றால் அது பத்துச் சாட்சி ஆகாது, ஒரு சாட்சிதான். கைப்பேசியில் ஒரே நாளில் இருபது பேரிடமிருந்து வந்து சேரும் ஒரே செய்தியை இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள்.

தொலைவில் உள்ளதைப் பற்றிய கருத்தால் நட்டமில்லை என்பதற்கு வருவோம். 2003 பிப்ரவரி 5 அன்று, இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் எடுத்துரைத்தார். அடுத்த மாதமே போர் மூண்டது. அமெரிக்க மக்களில் பெரும்பான்மையோர் அப்போது அப்போரை ஆதரித்தனர். அவர்கள் கொடியவர்கள் அல்லர். நம்மைப் போலவே மாலை வேளையில் காப்பி அருந்திக்கொண்டு உலகச் செய்தி பேசிய குடும்பத்தினர்தாம். நமக்கு வாஷிங்டன் எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவு அவர்களுக்குப் பாக்தாத். 'இருக்கும், இருக்கும்' என்று அவர்கள் தலையசைத்தார்கள். ஆயுதங்கள் கிடைக்கவில்லை. அவ்வுரை தமக்கு நேர்ந்த கறை என்று 2005-இல் பவலே ஒப்புக்கொண்டார். தலையசைத்த இலட்சக்கணக்கானோரை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

தொலைவு என்பதும் நாம் எண்ணுவது போல் அவ்வளவு தொலைவன்று. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீதம் வரி விதித்தபோது திருப்பூர் பனியன் தொழில் கலங்கிற்று. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில், கமலா ஹாரிஸ் அவர்களின் தாய்வழிப் பாட்டனாரின் ஊர் என்பதற்காக 2020-லும் 2024-லும் கோயிலில் வழிபாடு நடத்தினார்கள். அதைச் சிலர் ஏளனம் செய்தனர். நமக்கு ஏளனம் செய்யத் தோன்றவில்லை. அது அன்பு, 'எங்கள் ஊர்ப் பேத்தி' என்னும் பாசத்துக்குச் சான்று கேட்பார் உண்டோ?

நம் பக்கத்திலேயே நடந்த ஒன்றுக்கு இப்போது வரவேண்டும். முல்லைப் பெரியாறு அணைக்கான குத்தகை ஒப்பந்தம் 1886-இல் 999 ஆண்டுகளுக்கு எழுதப்பட்டது; அணை 1895-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பாதுகாப்புக் குறித்த அச்சத்தால் 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையை வலுப்படுத்தும் பணிகள் நடந்த பின், 142 அடி வரை தேக்கலாம் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளம் அதைத் தடுக்கச் சட்டம் இயற்றிற்று. 2011-இல் இடுக்கிப் பகுதியில் ஏற்பட்ட நில அதிர்வுகளால் அந்த மலை மக்களின் அச்சம் பெருகியது. 'டேம் 999' என்னும் திரைப்படம் வேறு அந்த நவம்பரில் வெளிவந்தது. தமிழ்நாட்டில் அது தடை செய்யப்பட்டது.

அதன்பின் அணையைக் கண்டவரும் காணாதவரும் பேசத் தொடங்கினார்கள். 'இதோ உடையப் போகிறது' என்று மேலே ஒரு பேச்சு. 'உடையவே உடையாது, எல்லாம் நடிப்பு' என்று கீழே ஒரு பேச்சு. டிசம்பரில் குமுளிச் சாலை அடைபட்டது. சபரிமலைக்குச் சென்ற ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் தாக்கப்பட்டன. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்ற பெண்கள் அஞ்சி மலையிறங்கி வந்தார்கள். இந்தப் பக்கம், பல ஆண்டுகளாகக் கடை வைத்துப் பிழைத்த மலையாளிகளின் கடைகள் உடைக்கப்பட்டன. கம்பம், உத்தமபாளையத்து இராவுத்தர் குடும்பங்களில் பெண் கொடுத்ததும் எடுத்ததும் எல்லைக்கு இருபுறமும் உண்டு. மகள் அந்தப் பக்கம், தாய் இந்தப் பக்கம் என்று தவித்தவர்கள் எத்தனை பேர்! சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கட்டுமானம் எவ்வளவு தாங்கும் என்பது அந்தத் தாய்க்கும் தெரியாது, கல்லெடுத்தவனுக்கும் தெரியாது.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். அணைக்குக் கீழே குடியிருக்கும் ஒருவர் 'எனக்கு இரவில் உறக்கம் வரவில்லை' என்றால் அது பொய்யன்று. தம் நெஞ்சில் தாம் கண்டதற்கு அவர் சாட்சி சொல்கிறார். அதை நாம் 'நடிப்பு' என்று தள்ளியது அநீதி. அதுபோலவே, 'தண்ணீர் நின்றால் எங்கள் வயல் தரிசாகும்' என்று கூடலூர் விவசாயி சொன்னதும் சாட்சியமே. ஆனால் 'அணை இத்தனை நாளில் உடையும்' என்பதும், 'ஒருநாளும் ஒன்றும் ஆகாது' என்பதும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் 2010-இல் அமைந்த குழு, ஆய்வுகள் பல நடத்தி 2012-இல்தான் தன் அறிக்கையை அளித்தது. இறுதித் தீர்ப்பு 2014 மே 7 அன்று வந்தது. அத்தனை ஆண்டுகள் பிடித்த விடையை இருபுறத்துத் தேநீர்க் கடைகளும் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்திருந்தன. தீர்ப்பு நம் பக்கம் சாய்ந்தது என்பதற்காக, 2011-இல் நாம் பேசியதெல்லாம் அறிவு ஆகிவிடாது. தொலைதூரத்து அரசியலில் விலையில்லாமல் பேசிப் பழகிய நாவுதான் அன்று அண்டை வீட்டாரைப் பற்றியும் பேசிற்று என்பதே நம் எண்ணம்.

அப்படியானால் வாயை மூடிக்கொள்வதா? இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்கு 'அறியேன்' என்று விடையளித்ததாக அறிஞர்கள் சொல்வர். நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தவரிடமும் அப்படியே சொன்னார்களாம். அது பெருமைக்குரிய அடக்கம். ஆனால் வாக்குச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் குடிமகனுக்கு 'அறியேன்' என்ற விடை எப்போதும் போதாது. அநீதியைக் கண்டவன் வாய் திறக்காதிருப்பதும் சாட்சியத்தை மறைப்பதேயாகும். மௌனம் எளிய வழி. எளிய வழி என்பதாலேயே அதைத் தக்வா என்று அழைத்துவிடக் கூடாது.

விளையாட்டுப் பேச்சாவது விளையாட்டாக இருக்கலாமே என்றால், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் மோதும் நாளில், "என்ன பாய், யார் பக்கம்?" என்று சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி வரும். கேட்பவருக்கு அது வேடிக்கை. கேட்கப்படும் பதினேழு வயதுப் பையனுக்கு விசாரணை. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தான் பத்து விக்கெட்டில் வென்றது. தோல்வி அணி முழுவதற்கும் உரியது. வசை முகம்மது ஷமி மேல் விழுந்தது. அவர் பெயரைத் தவிர வேறு சான்று எதையும் அவ்வசையாளர்கள் காட்டவில்லை. அணித் தலைவர் விராட் கோலி அவருக்காக வெளிப்படையாகப் பேசினார்; பேசியதற்குத் தாமும் வசை வாங்கினார். அன்று ஷாஹீன் அஃப்ரிதி வீசிய முதல் ஓவரில் ரோஹித் சர்மா தாம் சந்தித்த முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். நம் பையன் அதைக் கண்ணால் கண்டான். 'அது நல்ல பந்து' என்று சொல்லத்தான் அவன் வாயெடுத்தான். சுற்றிலும் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

அவனுக்கு நாம் 1999 ஜனவரி 31-ஐச் சொல்ல வேண்டும். சென்னை சேப்பாக்கத்தில் டெஸ்ட் பந்தயத்தின் நான்காம் நாள். இந்தியாவுக்கு வெற்றி இலக்கு 271. சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டம் எடுத்து ஆட்டமிழந்தார். மீதி விக்கெட்டுகள் மளமளவென விழ, 258-இல் எல்லாம் முடிந்தது. பாகிஸ்தானுக்குப் பன்னிரண்டு ஓட்ட வெற்றி. அரங்கம் சிறிது நேரம் அசைவற்றிருந்தது. பின்பு மக்கள் எழுந்து நின்றார்கள்; கைதட்டினார்கள். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்கள். எழுந்து நின்றவர்கள் நான்கு நாளும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள். இந்தியா வெல்லவேண்டும் என்று கடைசிப் பந்து வரை வேண்டியவர்களும் அவர்கள்தாம்.