பிளவைச் சொல்பவர் பிளப்பவரா?

ஒரு சமூகத்துக்குள் பிளவு இருக்கிறது என்று ஒருவர் வாய் திறக்கிறார். உடனே, 'நீதான் சமூகத்தைப் பிளக்கிறாய்' என்ற பதில் வருகிறது. இந்தப் பதில் எமக்குப் பழக்கமானது. கோயிற் சபைகளிலும் ஊர்ச் சங்கங்களிலும் கேட்டிருக்கிறோம். விடுதலை பற்றிப் பேசிய மேடைகளிலும் கேட்டிருக்கிறோம். இதில் நியாயம் ஏதும் உண்டா, உண்டென்றால் எவ்வளவு தூரத்துக்கு என்பதே இங்கு நான் எழுப்ப விரும்பும் கேள்வி. பே ஏரியா என்று எம்மவர் சொல்லும் சான் பிரான்சிஸ்கோ குடாப் பகுதியில் 2020க்கும் 2023க்கும் இடையில் எழுந்த ஒரு சர்ச்சை இக்கேள்வியை எமது வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தது.

சர்ச்சையின் விபரம் பலருக்குத் தெரிந்ததுதான். 2020 ஜூன் 30ஆம் திகதி கலிபோர்னிய மாநில அரசின் குடிசார் உரிமைத் திணைக்களம், சான் ஹோசேயிலுள்ள சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் அங்கு பணிபுரிந்த இரு இந்திய வம்சாவளிப் பொறியியலாளர்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. தலித் பொறியியலாளர் ஒருவர் சாதி காரணமாக வேலையில் ஒதுக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. 2023 ஏப்ரலில் அந்த இரு தனிநபர்கள் மீதான வழக்கைத் திணைக்களமே விலக்கிக்கொண்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு அதன் பின்னும் தொடர்ந்தது. அதற்கு முன்னரே, 2022 ஜனவரியில், கலிபோர்னிய அரச பல்கலைக்கழகங்கள் தமது பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்திருந்தன. 2023 பெப்ரவரி 21இல் சியாட்டில் நகரசபை, சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாகச் சியாட்டிலை ஆக்கியது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இந்தியாவில் பிறந்த ஷமா சாவந்த்.

அடுத்த மாதமே செனட்டர் ஆயிஷா வஹாப், கலிபோர்னியச் சட்டசபையில் செனட் மசோதா 403ஐ முன்வைத்தார். ஹேவர்ட், பிரீமொன்ட் பகுதிகள் அவருடைய தொகுதிக்குள் வருபவை. எம்மவர் செறிந்து வாழும் இடங்களும் அவையே. மசோதா செனட்டில் 34க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. சக்ரமெண்டோவில் விசாரணை நடந்த நாட்களில் ஆதரிப்போரும் எதிர்ப்போரும் நீண்ட வரிசைகளில் நின்றார்கள். இரு வரிசைகளிலும் ஒரே நிறத்து முகங்கள். ஒரே சாப்பாட்டுக் கடைக்குப் போகிறவர்கள், ஒரே மொழி பேசுகிறவர்கள்கூட எதிரெதிரே நின்றார்கள். 2023 ஒக்டோபர் 7ஆம் திகதி ஆளுநர் கவின் நியூசம் மசோதாவை நிராகரித்தார்.

அவர் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. சாதி அடிப்படையிலான பாகுபாடு இருக்கும் சட்டங்களின் கீழ் ஏற்கனவே தடைசெய்யப்பட்டுள்ளது, ஆகவே இம் மசோதா தேவையற்றது என்றார். 'இங்கு சாதியே இல்லை, ஆகவே சட்டம் வேண்டாம்' என்று வரிசையில் நின்றவர்கள் தாம் வென்றதாகக் கொண்டாடினார்கள். அவர்களுடைய வாதத்தை ஆளுநர் ஏற்கவில்லை என்பது அந்த ஆரவாரத்தில் கவனிக்கப்படாமலே போயிற்று.

எதிர்த்தவர்களை எல்லாம் சாதிவெறியர் என்று ஒரே கூடைக்குள் போட்டுவிடுவது நேர்மையல்ல. அவர்களுடைய அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1987இல் நியூ ஜேர்சியின் ஜேர்சி சிற்றியில், பொட்டு வைத்தவர்களைத் துரத்துவோம் என்று பகிரங்கமாகப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய ஒரு கும்பல் இருந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பக்கத்து ஹொபோக்கன் நகரில் நவ்ரோஸ் மோடி என்ற இளைஞர் தெருவில் தாக்கப்பட்டுச் சில நாட்களில் இறந்தார். அவர் ஒரு பார்சி. அடித்தவர்கள் அவருடைய மதத்தையோ சாதியையோ விசாரிக்கவில்லை. தோலின் நிறம் போதுமானதாக இருந்தது. இதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் ஒருவர், 'ஏற்கனவே எங்களை ஒரு மாதிரிப் பார்க்கும் வெள்ளையனிடம் எங்கள் வீட்டு அழுக்கை ஏன் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்? பள்ளிக்கூடத்தில் என் பிள்ளையைப் பார்த்து உன் சாதி என்ன என்று கேட்கமாட்டார்களா?' என்று கேட்டால், அது வெறும் பாசாங்கு அல்ல. சிறுபான்மையாக வாழும் எவருக்கும் அந்தப் பயம் புரியும்.

ஆனால் அந்தப் பயம், வீட்டுக்குள் நடப்பதை இல்லாமற் செய்துவிடாது. வெளியாருக்கு முன் ஒன்றாக நிற்கவேண்டும் என்ற தேவை உண்மையானது. அந்த ஒற்றுமைக்கான செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

சாதி கடல் கடக்காது என்று எம்மிற் சிலர் நம்புகிறார்கள். இந்த நாட்டுச் சட்ட வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிச் சீக்கியர் தமக்குக் குடியுரிமை வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் வரை போனார். அன்று வெளியிலிருந்து வந்து குடியுரிமை பெற, வெள்ளையராகவோ ஆபிரிக்க வம்சாவளியினராகவோ இருக்கவேண்டும். நிறத்தால் மனிதரைப் பிரிக்கும் அச்சட்டம் அநீதியானது என்று அவர் தரப்பு வாதிடவில்லை. தாம் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையருள் அடங்குபவர் என்பதே வாதம். உயர்சாதியினர் கீழ்ச்சாதியினருடன் மணவுறவு கொள்ளாததே இரத்தத் தூய்மைக்குச் சான்றாக முன்வைக்கப்பட்டது. 1923 பெப்ரவரி 19இல் நீதிமன்றம் அதை ஏகமனதாக நிராகரித்தது. முன்னர் குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அதையும் இழந்தனர். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பாகாய் அப்படி இழந்தவர்களில் ஒருவர். 1928இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நூறு ஆண்டுகளுக்கு முன்னரே சாதி இங்கு வந்து நீதிமன்றப் படியும் ஏறிவிட்டது. வெள்ளையரின் வாசலில் அதைச் சான்றிதழாக நீட்டலாம் என்று நினைத்தவர்களை அது காப்பாற்றவுமில்லை.

இதெல்லாம் இந்தியரின் கதை, எமக்கென்ன என்று ஈழத்தவர் ஒதுங்கிவிட முடியாது. எமது கதை இன்னும் கூர்மையானது. 1957இல் இலங்கைப் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போக உரிமை கேட்டு நின்றார்கள். அவர்களை மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், தமிழருக்குத் தனிநாடு வேண்டுமென முதலில் உரத்துச் சொன்னவர்களில் ஒருவர். தமிழன் சிங்களவனுக்குக் கீழ்ப்பட்டிருக்க முடியாது என்று கண்ட அதே கண்ணுக்கு, கோயில் வாசலில் நின்ற தமிழன் தனக்குச் சமமானவனாகத் தெரியவில்லை. இதை ஒரு தனிமனிதரின் முரண்பாடாக மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. 'நாம்' என்று சொல்லும்போது அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமலே ஓர் அரசியலைக் கட்டியெழுப்ப முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்தக் காலத்தில் ஆலயப் பிரவேசம் கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்டதும், தமிழர் ஒற்றுமையைக் குலைக்காதே என்பதுதான்.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. அதைப் பற்றிப் புகலிடச் சஞ்சிகைகளில் எழுதியவர்களுக்கும் அதே பதில் கிடைத்தது: இது பேசும் நேரமல்ல, எதிரிக்கு ஆயுதம் கொடுக்காதே. பேசும் நேரம் என்று ஒன்று வந்ததாக எவரும் பின்னர் அறிவிக்கவில்லை.

இனி இதே வாக்கியத்தை வேறொரு வாயிலிருந்து கேட்டுப்பார்ப்போம். 2009 மே 19ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் பிணங்கள் கிடந்த நாட்களில், ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச பாராளுமன்றத்தில் உரையாற்றினார். இனி இந்த நாட்டில் சிறுபான்மையினர் என்று எவரும் இல்லை, நாட்டை நேசிப்பவரும் நேசிக்காதவரும் மட்டுமே உண்டு என்பது அவ்வுரையின் சாரம். அதைக் கேட்டு எமக்கு எப்படி இருந்தது? சிறுபான்மை என்ற சொல்லை எடுத்துவிட்டால் சிறுபான்மையாக இருப்பதன் துன்பமும் போய்விடுமா என்று கேட்டோம். தமிழரின் பிரச்சினையைப் பேசுகிறவன்தான் நாட்டைப் பிரிக்கிறான் என்ற குற்றச்சாட்டை 1956 முதல் கேட்டு வந்தவர்கள் நாம். 1983இல் ஆறாவது திருத்தம் பிரிவினை பற்றிப் பேசுவதையே குற்றமாக்கியது. பெரும்பான்மை 'நாமெல்லாம் ஒன்று' என்று சொல்லும்போது அந்த 'ஒன்று' யாருடைய அச்சில் வார்க்கப்பட்டது என்பதை எம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அப்படியிருக்க, அதே வாக்கியத்தை எமக்குக் கீழே வைக்கப்பட்டவரிடம் நாம் சொல்லும்போது மட்டும் அது எப்படி நியாயமாகும்? இதற்கு நேர்மையான பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே அளவான துன்பம் என்று நான் சொல்ல வரவில்லை. குண்டு வீச்சும் அலுவலகத்து ஒதுக்கலும் ஒன்றல்ல. ஆனால் துன்பத்தைச் சொல்பவனின் வாயை அடைக்கப் பயன்படும் தர்க்கம் ஒன்றேதான். அது எமக்கு எதிராகப் பிழையென்றால், எமது கையிலும் பிழைதான்.

பிளவு கண்ணுக்குத் தெரியவில்லையே என்று சொல்பவர்கள், அது எப்படி இயங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழரின் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் சாதிப் பெயர் இல்லை. ஆகவே கேள்விகள் வேண்டியிருக்கின்றன. எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி? ஆற்றை பிள்ளை? கேட்பவருக்கு இது சுகம் விசாரிப்பு. பதில் சொல்பவருக்கு இது விசாரணை. ஒரே மேசையில், ஒரே கோப்பியைக் குடித்துக்கொண்டு, ஒருவர் ஊர் நினைவில் நனைகிறார், மற்றவர் அடுத்த பொய்யை யோசிக்கிறார். முதலாமவர், 'இந்த நாட்டுக்கு வந்தபின் நான் சாதி பார்த்ததே இல்லை' என்று மனமாரச் சொல்லலாம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான். கலியாணப் பேச்சு வரும்போது அந்தத் தேவையும் வந்துவிடும். சிஸ்கோ வழக்கில் முறைப்பாட்டாளரின் பெயர் பொதுவில் வெளியிடப்படாமல் புனைபெயரே பயன்பட்டது என்பதையும் இங்கு நினைக்க வேண்டும். அநீதியைச் சொல்வதற்கே தன் பெயரை மறைக்க வேண்டியிருக்கும் ஒருவரைப் பார்த்து, பிளவைக் கொண்டுவந்தவர் என்று சொல்வது விநோதமானது.

பிளவைச் சொல்பவர் எப்போதும் சரி என்றும் இதற்கு அர்த்தமில்லை. குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட வேண்டும். அந்த இரு பொறியியலாளர்கள் மீதான வழக்கு விலக்கப்பட்டதை மறைத்துவிட்டு அவர்களைக் குற்றவாளிகள் என்று எழுதுவதும் அநீதியே. உயர்சாதியில் பிறந்ததனாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்குவது, பிறப்பை வைத்து மனிதரை அளக்கும் அதே கோலைத் திருப்பிப் பிடிப்பதுதான். சட்டம் மட்டும் எதையும் சாதித்துவிடும் என்பதும் இல்லை. 1957இன் சட்டம் மாவிட்டபுரத்தின் கதவைத் தானாகத் திறக்கவில்லை. அந்தக் கதவின் முன் மனிதர்கள் போய் நிற்க வேண்டியிருந்தது. ஆனால் நின்றவர்களுக்கு, தாம் கேட்பது பிச்சையல்ல என்று சொல்ல அந்தச் சட்டத்தின் பெயர் உதவியது. பெயரில்லாத அநீதியை முறையிடப் போகிறவர், அது அநீதிதான் என்பதையே முதலில் விளக்கவேண்டியிருக்கிறது. வெள்ளைக்கார மேலதிகாரியின் முன்னால் அமர்ந்து, ஊரில் எந்தப் பக்கம் என்ற கேள்வி ஏன் சுடுகிறது என்று விளங்கப்படுத்துவது இலகுவான காரியமல்ல.

கலிபோர்னியாவின் மசோதா தோற்றதோடு இந்தக் கேள்வி முடிந்துவிடவில்லை. ஆளுநர் கையெழுத்திட மறுப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னரே, 2023 செப்டெம்பரில், பிரெஸ்னோ நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்துவிட்டது. சட்டங்களை விட்டாலும், எமது தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் சங்கங்களும் எமது கையில்தான் இருக்கின்றன. நிர்வாக சபைக்கு யார் வருகிறார்கள், யார் வருவதே இல்லை, யாருடைய வீட்டுக் கலியாணத்துக்கு யார் அழைக்கப்படுவதில்லை என்பதெல்லாம் எமக்குத் தெரியும். தமிழர் என்ற அடையாளத்தை இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளிடம் கையளிக்க விரும்புகிறோம். அவர்கள் ஒருநாள், 'உங்கள் நாட்டில் உங்களுக்கு நடந்ததைச் சொன்னீர்கள், உங்களுக்குள் நடந்ததை ஏன் சொல்லவில்லை?' என்று கேட்பார்கள். அப்போது, ஒற்றுமைக்காகத்தான் என்று சொன்னால், அந்த ஒற்றுமையில் யார் யார் இருந்தார்கள் என்பது அவர்களுடைய அடுத்த கேள்வியாக இருக்கும்.