மட்டசனம்



சரீரம் பருத்துவிட்டதென்று வைத்தியர் எச்சரித்தால், இளைப்பதற்குப் பணங்கட்டும் இடத்தைத் தேடவேண்டாம். போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியம் மட்டசனம் என்று ஞானோபதேசத்தில் படித்தோமே! 1966-ம் ஆண்டில் பாப்பரசர் 6-ம் சின்னப்பர் கடன் ஒருசந்தியை விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்னும் இரண்டு நாட்களாகக் குறைத்தார். தபசு செய்யும் கடமையையோ நீக்கவில்லை.

மட்டாய் உண்ணத் தொடங்கியதும் எடை சட்டென்று இறங்கும். அதில் பெரும்பங்கு நீரே. பிறகு இறக்கம் மெதுவாகும். அப்போதுதான் "என்ன பிரயோசனம்?" என்ற சோதனை வரும். தராசை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். பூசைக்குக் குடும்பத்தோடு நடந்தே வாருங்கள்.

கலியாண விருந்தில் தவறினீர்களா? பாவத்தில் விழுந்தவன் பாவசங்கீர்த்தனத்துக்கு அடுத்த தபசுகாலம் வரை காத்திருக்கலாமா? மறுவேளையே எழுந்திருங்கள். உண்ணாமல் விட்ட பலகாரத்தின் காசை ஏழைகள் உண்டியலில் போடுங்கள். உங்கள் மட்டசனம் பசித்தவன் வயிற்றை நிரப்பட்டும்.